மழலையர் ஓட்டத்தை அளக்கும் கருவிகள்: வாசகர் கேள்விகள்

நான்கு வயது மகளின் கைக்கடிகாரம் நாளுக்கு 6,000 அடிதான் காட்டுகிறது. 10,000 ஆக்க என்ன வழி? (கொழிஞ்சாம்பாறை)

வழி தேட வேண்டாம். 10,000 என்பது 1965 வாக்கில் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவிய எண். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இந்த வயதுக்குச் சொன்னது நிமிடக் கணக்கு: நாளுக்கு 180 நிமிட அசைவு, அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஆடுவது.

சென்சாரை இடுப்பில் கட்டுவதா, மணிக்கட்டிலா? (குமுளி)

எங்கும் கட்டலாம். ஆனால் இடுப்புக்கு வகுத்த வரம்பை (எந்த எண்ணுக்கு மேல் போனால் ஓட்டம் என்று கொள்ளும் எல்லையை) மணிக்கட்டுத் தரவுக்குப் போட்டால், உட்கார்ந்து மண் அளையும் பிள்ளையும் ஓடுவதாகக் கணக்கு வரும். கழற்றிய நேரத்தைக் குறித்து வையுங்கள்.

மூணாறு எஸ்டேட் லயங்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) நான்கு வயதுப் பிள்ளைகளை அளந்தேன். தீவிர அசைவு அநேகமாக இல்லை. சோம்பல் என்று ஆய்வேட்டில் எழுதலாமா? (தேவிகுளம்)

எழுதாதீர்கள். 60 விநாடிக்கு ஒருமுறை தொகுத்ததைக் கடிதத்தின் கடைசி வரியில் சொல்கிறீர்கள். முதலில் யோசித்திருக்க வேண்டியது அதுதான். இதே பிழையை எத்தனை ஆய்வேடுகளில் திருத்தியிருக்கிறேன்! லயத்து வாசலில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பிள்ளை படியில் பாய்ந்து ஏறும், நின்று கோழியைப் பார்க்கும், மறுபடி பாயும். 1995இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளை 3 விநாடிக்கு ஒருமுறை கண்ணால் பார்த்துக் குறித்தது. அவர்களின் தீவிர ஓட்டம் பெரும்பாலும் 3 விநாடியிலேயே முடிந்துவிட்டது. 10 விநாடி ஓடி 50 விநாடி நின்றால், உங்கள் கணக்கில் அது மந்தமான நிமிடம். கருவியில் தொகுக்காத மூலத் தரவு இருந்தால் 15 விநாடியாகப் பிரித்து மறுபடி ஓட்டுங்கள். இடுப்பில் கட்டிய ஆக்டிகிராஃப் (ஆய்வாளர்கள் கட்டும் ஒருவகை அசைவுமானி) என்றால், மிதமான அசைவு தொடங்கும் வரம்பு 15 விநாடிக்கு 420 கவுண்ட் (அசைவுக்குக் கருவி தரும் எண்). அது 3 முதல் 5 வயதினருக்கென்றே வகுத்தது. கொழுந்து பறிக்கப் போன தாயின் பிள்ளையைச் சோம்பேறி என்று அச்சில் ஏற்றிய பிறகு அதை யார் அழிப்பது?

எத்தனை நாள் அளக்க வேண்டும்? (சித்தூர்)

ஏழு நாள் கட்டுங்கள், நான்கு தேறும். ஞாயிறு ஒன்று கட்டாயம். கழற்றிய நேரத்தைக் குறிக்காத நாளைத் தள்ளிவிடுங்கள்.

மறையூருக்கு ஜீப்பில் போனபோது மகன் ஓடியதாகக் காட்டியது. கருவி பழுதா? (மூணாறு)

இல்லை, சாலைதான் குலுக்கியது. பயண நேரத்தைக் கழித்துவிடுங்கள். மூன்று சக்கர சைக்கிள் மிதித்தால் நேர்மாறு: இடுப்பு அசையாது, எண்ணும் ஏறாது. அந்த நிமிடங்களைக் கையால் எழுதிச் சேருங்கள்.