வீட்டுப் பத்திரத்தை எடுக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற வாரம் உங்கள் மகள் கல்லூரியில் எதைப் படிக்கலாம் என்று கேட்க நீங்கள் குடும்பத்துடன் வந்தபோது, "எதைப் படித்தாலும் பிழைத்துக்கொள்வாள்" என்று நான் சொல்லி அனுப்பியிருந்தால் உங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கு மனம் வரவில்லை. மைத்துனர் சொல்கிறார் என்பதற்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து, மேனேஜ்மென்ட் கோட்டாவில் கணினிப் பொறியியல் இடம் வாங்குவது தவறு. அரியர் எழுதப்போவது அவள், வட்டி கட்டப்போவது நீங்கள்.

பனியன் கம்பெனியில் சனிக்கிழமைதோறும் சம்பளக் கணக்கு எழுதுபவர் நீங்கள். ஒன்பதாம் வகுப்பில் தொழிற்புரட்சிப் பாடத்தைப் படித்த நாளிலிருந்து, முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் தொழிலாளியின் வாழ்க்கை எவ்வளவு தெரியும் என்று உங்கள் மகள் யோசித்துக்கொண்டிருக்கிறாள். இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே, சாமுவேல் கிரெக் 1784இல் தொடங்கிய குவாரி பேங்க் பஞ்சாலையைப் பற்றி அவளிடம் சொன்னேன். ஏழைகள் விடுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுவர்கள் அங்கே வேலை செய்தார்கள். 1806இல் இருவர் லண்டனுக்கு ஓடிப்போனார்கள். தாயைப் பார்க்க ஏங்கியதும், இயந்திரச் சக்கரத்தில் சிக்கி விரல் போனதும் அவர்கள் நீதிபதிகளிடம் கொடுத்த வாக்குமூலத்தில் பதிவாகியுள்ளன. 1833ஆம் ஆண்டு பிரிட்டிஷ் தொழிற்சாலைச் சட்டம் பஞ்சாலைகளில் ஒன்பது வயது நிரம்பாதோரை வேலைக்கு வைக்கத் தடை விதித்து, அதைக் கண்காணிக்க நாடு முழுவதற்கும் நான்கே ஆய்வாளர்களை நியமித்தது. முதலாளி, தொழிலாளி என்ற பிளவு எப்படி உருவானது என்பதை அந்த ஆய்வாளர்களின் அறிக்கைகள், சம்பள ஏடுகள், வாக்குமூலங்கள் ஆகியவற்றைக் கொண்டுதான் இன்றும் எழுதுகிறார்கள். இதைக் கேட்டபின் அவள் கேட்ட ஒரே கேள்வி, அந்தக் காகிதங்களை இத்தனை காலம் யார் பாதுகாத்தார்கள் என்பது.

வரலாறு படித்தவர்களுக்கு உள்ள வழிகளில் ஆசிரியர் பணி, போட்டித் தேர்வு ஆகியவற்றை நீங்களே அறிவீர்கள். யாரும் சொல்லாத வழி, ஆவணக் காப்பாளர் பணி. வரலாற்றில் முதுகலை முடித்தவர்களுக்கு டெல்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பயிற்சிப் பள்ளி ஓராண்டு டிப்ளமோ நடத்துகிறது. ஆவணங்களை வகைப்படுத்துவது, பட்டியலிடுவது, நைந்த தாளைப் பழுது பார்ப்பது, டிஜிட்டல் வடிவுக்கு மாற்றுவது எல்லாம் அதில் அடங்கும். சென்னையில், எழும்பூரில் 1909இலிருந்து இயங்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. தொழில் நிறுவனங்களும் தங்கள் பழைய ஏடுகளைப் பாதுகாக்கின்றன. டாடா குழுமம் புனேயிலும், கோத்ரெஜ் மும்பையிலும் தனிக் காப்பகங்களை வைத்துள்ளன. இடங்கள் குறைவு, காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அரசுக் கலைக் கல்லூரியில் இளங்கலை வரலாறு படிக்க ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் போதும். அதற்குப் பத்திரம் தேவையில்லை. ஆங்கிலத்தை மட்டும் இப்போதே நன்றாகப் படிக்கட்டும், அதில் சலுகை கிடையாது.

விண்ணப்பத்தில் எந்தப் பாடத்தை எழுதுவது என்பதை அவளே முடிவு செய்யட்டும். மைத்துனரிடம் பேச உங்களுக்குத் தயக்கமாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை அவரையும் அழைத்து வாருங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.