இரும்பின் நிறம் எது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கணினி விளையாட்டு ஒன்றுக்காகப் பழைய லீ என்ஃபீல்டு துப்பாக்கியை முப்பரிமாணத்தில் மாடல் செய்து, சப்ஸ்டன்ஸ் பெயின்டர் மென்பொருளில் டெக்ஸ்சர் (மேற்பரப்புப் படங்கள்) போட்டு முடித்தேன். அங்கே பார்க்க நன்றாகவே இருந்தது. விளையாட்டை இயக்கும் அன்ரியல் எஞ்சினுக்குள் கொண்டுபோனதும் துப்பாக்கி முழுவதும் பிளாஸ்டிக் பொம்மை போலப் பளபளக்கிறது. இரும்பின் நிறத்தைப் பலமுறை மாற்றியும் பயனில்லை. எங்கே தவறு?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: நீங்கள் மாற்ற வேண்டியது நிறத்தை அல்ல. ஒரு மென்பொருளில் சரியாகத் தெரிந்தது இன்னொன்றில் கெட்டுப்போகிறது என்றால், முதலில் ரஃப்னெஸ் மேப்பைத்தான் சோதிக்க வேண்டும். அந்தப் படத்தில் இருப்பது நிறம் அல்ல; ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு சொரசொரப்பானது என்று சொல்லும் எண். எஞ்சின் அதை நிறப்படம் என்று கருதி எஸ்ஆர்ஜிபி என்ற நிறக்கணக்கு முறையில் படித்துவிட்டால், நீங்கள் 0.5 என்று வைத்த அளவு ஏறத்தாழ 0.21 ஆகக் குறைந்துவிடும். அதாவது, மங்கலாக இருக்க வேண்டிய பரப்பெல்லாம் மெருகேற்றியதுபோல் ஆகிவிடும். அன்ரியலில் அந்த டெக்ஸ்சரைத் திறந்து எஸ்ஆர்ஜிபி என்ற தேர்வை நீக்குங்கள். எந்த இடம் உலோகம் என்று சொல்லும் மெட்டாலிக் மேப்புக்கும் அவ்வாறே செய்யுங்கள். பிளெண்டர் மென்பொருளைப் பயன்படுத்துவோர் அதே படத்துக்கு ‘நான்-கலர்’ என்ற தேர்வை வைக்க வேண்டும்.

இதைச் சரிசெய்த பிறகும் பொம்மைத்தனம் கொஞ்சம் மீதமிருக்கலாம். அதற்குக் காரணம், இரும்பை நாம் நிறத்தால் அடையாளம் காண்பதாக நினைத்துக்கொள்வது. உண்மையில் உலோகத்துக்குள் புகும் ஒளி மீண்டு வருவதில்லை. நாம் காண்பது முழுவதும் அதன் பரப்பில் பட்டுத் திரும்பும் சுற்றுப்புறத்தின் பிம்பமே. பூச்சற்ற இரும்பு தன்மேல் படும் ஒளியில் பாதிக்கும் மேல் திருப்பி அனுப்புகிறது. மரமோ பிளாஸ்டிக்கோ நேராகப் பார்க்கும்போது சுமார் 4 விழுக்காட்டைத்தான் பிரதிபலிக்கும், எஞ்சியது உள்ளே புகுந்து, உறிஞ்சப்பட்டதுபோக மீதி சிதறி நிறமாக வெளிவரும். ஆகவே மெட்டாலிக் அளவு ஒரு பொருளுக்கு 0 அல்லது 1 என்றுதான் இருக்க வேண்டும். ‘கொஞ்சம் உலோகம்’ என்று 0.5 வைத்தால், உலகில் எங்கும் இல்லாத ஒரு பொருள் பிறந்துவிடும். தூசி படிந்த இடத்திலும் இரண்டு பொருள்கள் சந்திக்கும் ஓரத்திலும் மட்டும் இடைப்பட்ட அளவுகளை ஏற்கலாம்.

நீங்கள் தேர்ந்தெடுத்த துப்பாக்கி இதைக் கற்றுக்கொள்ள மிகப் பொருத்தமானது. அதன் வகைகளில் 1907இல் அறிமுகமான மார்க் 3இல் கறுப்பேற்றிய எஃகு, எண்ணெய் ஊறிய அக்ரூட் மரக்கட்டை, கட்டையின் அடியில் பித்தளைத் தகடு என மூன்று பொருள்கள் ஒன்றாக நிற்கின்றன. பூச்சற்ற இரும்புக்கு அடிப்படை நிறம் 0 முதல் 255 வரையிலான அளவில் ஏறத்தாழ 198 என்ற வெளிர்சாம்பலாக இருக்க வேண்டும். கறுப்பேற்றிய எஃகின் மேலுள்ளது மிக மெல்லிய ஆக்சைடு படலம் என்பதால், நான் அதை உலோகமாகவே வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் நீலம் கலந்த கருமைக்கு இறக்குவேன். பித்தளையின் மஞ்சள், பிரதிபலிப்பிலேயே கலந்து வரும். மரத்தைப் பொறுத்தவரை, கைபடாத முன்பகுதியில் சொரசொரப்பைக் கூட்டியும், உள்ளங்கை பற்றும் கழுத்துப்பகுதியில் நன்றாகக் குறைத்தும் வையுங்கள். ஆண்டுக்கணக்கில் வியர்வையும் எண்ணெயும் பட்ட இடம் கறுத்து வழவழப்பாகியிருக்கும்.

கேள்வி: விளிம்புகள் அனைத்திலும் தேய்மானம் காட்டினால்தான் ஆயுதம் பழையதாகத் தெரியும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். நானும் அப்படியே செய்கிறேன். ஆனால், எல்லா மாடல்களும் ஒரே மாதிரி ஆகிவிடுகின்றனவே?
– மதுரை வாசகர்

பதில்: அந்தத் தேய்மானத்தை இடுவது நீங்கள் அல்ல, வளைவைக் கணக்கிட்டு எல்லாக் கூர்விளிம்புகளையும் வெளுத்துவிடும் ஒரு ஜெனரேட்டர். வளைவு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியும். கை எங்கே பட்டது என்று தெரியாது. லீ என்ஃபீல்டையே எடுத்துக்கொள்வோம். ஐந்தைந்து தோட்டாக்கள் கொண்ட இரண்டு கிளிப்புகளால் பத்துத் தோட்டாக்களையும் கட்டைவிரலால் அழுத்தி இறக்குவார்கள். ஆகவே கிளிப் நிற்கும் பள்ளத்தின் உதடுகள் தேய்ந்திருக்கும். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைப் பின்னிழுத்து முன்தள்ளுவதால், அதன் உடலில் நீளவாக்கில் கோடுகள் விழுந்திருக்கும், கைப்பிடிக் குமிழ் வெளுத்திருக்கும். அதே துப்பாக்கியில் யாருடைய விரலும் தொடாத கூர்விளிம்புகளும் உண்டு. அங்கே கறுப்பு அப்படியே இருக்க வேண்டும்.

இதைவிட அதிகம் தவறவிடப்படுவது ஒன்று உண்டு. பெயின்ட் செதிலாகப் பெயர்ந்து விழும்; அதன் ஓரம் வெட்டினாற்போல் இருக்கும். கறுப்பேற்றிய படலமோ பெயராது, தேய்ந்து தேய்ந்து மெலியும். முதலில் சாம்பல்பழுப்பாகி, பிறகுதான் உள்ளிருக்கும் வெண்ணிற எஃகு தெரியும். பெயின்டுக்கு உரிய கூர்மையான ஓரத்தைக் கறுப்பேற்றிய எஃகுக்குக் கொடுத்தால், பார்ப்பவருக்குக் காரணம் புரியாவிட்டாலும் மனம் ஒப்பாது. ஜெனரேட்டரை அடித்தளமாக மட்டும் வைத்துக்கொண்டு, அதன் மேல் ஒரு மாஸ்க் (மறைப்பு அடுக்கு) போட்டு, பாதிக்கு மேல் கையால் அழித்துவிடுங்கள். முதல்நபர் பார்வையில் விளையாடுபவரின் கண்ணருகே இருப்பது துப்பாக்கியின் பின்பாதி என்பதால், உழைப்பையும் யூவி பரப்பையும் (டெக்ஸ்சரில் ஒதுக்கும் இடத்தையும்) அங்கேயே கூடுதலாகச் செலவிடுவது நல்லது.

கேள்வி: மாடலில் செதுக்கிய எழுத்துகள் பள்ளமாக இல்லாமல் மேடாகத் தெரிகின்றன. மறுபடியும் பேக் செய்ய (நுணுக்கங்களை டெக்ஸ்சரில் பதிக்க) வேண்டுமா?
– திருச்சி வாசகர்

பதில்: வேண்டாம். மேடுபள்ளங்களைக் காட்டும் நார்மல் மேப்பின் பச்சை சேனல் தலைகீழாக இருக்கிறது. அன்ரியல் டைரக்ட்எக்ஸ் முறையையும், யூனிட்டி எஞ்சினும் பிளெண்டரும் ஓபன்ஜிஎல் முறையையும் பின்பற்றுகின்றன; இரண்டிலும் பச்சையின் திசை எதிரெதிர். அந்தச் சேனலை மட்டும் திருப்பினால் போதும்.

கேள்வி: எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதச்சாலையிலிருந்து வந்த கட்டாரிகளைப் பார்த்ததிலிருந்து அப்படி ஒன்றைச் செய்ய ஆசை. அலை அலையான வரிகள் ஓடும் உருக்கு எஃகில் அதன் அலகை அமைக்க நினைக்கிறேன். அந்த வரிகளை எந்த மேப்பில் வைப்பது?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: இந்தக் கேள்வி எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்தது. மூசை என்ற மண்கலத்தில் உருக்கி எஃகு செய்யும் கலை நம் மண்ணுக்கு நெடுங்காலமாகத் தெரியும். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வு அதற்குச் சான்று தருகிறது. இருந்தும், விளையாட்டுகளில் இந்த எஃகைச் சரியாகக் காட்டியவர்கள் குறைவு என்பது என் ஆதங்கம்.

வரிகள் எப்படி உண்டாகின்றன என்று தெரிந்தால், மேப் எது என்பது தானே விளங்கும். இந்த எஃகில் கார்பன் சுமார் 1.5 விழுக்காடு. மெல்லக் குளிர்ந்து, பிறகு சுத்தியலடி படும்போது, கடினமான கார்பைடு துகள்கள் அடுக்கடுக்காக வரிசை கொள்கின்றன. மெருகேற்றிய அலகின் மேல் அமிலம் தடவினால் அடிப்பரப்பு அரிக்கப்பட்டு மங்கும். கார்பைடு வரிகள் பளிச்சென்று நிற்கும். கையால் தடவினால் ஏறக்குறைய எதுவும் தட்டுப்படாது. எனவே நார்மல் மேப்பில் வரிகளைச் செதுக்கவே செதுக்காதீர்கள். செதுக்கினால் அலகு மரப்பட்டையாகிவிடும். வரிகளின் பெரும்பங்கு ரஃப்னெஸ் மேப்பில் இருக்கட்டும், அடிப்படை நிறத்தில் மிகச் சிறிய வேறுபாடு போதும், மெட்டாலிக் எல்லா இடத்திலும் 1.

வரிகள் நுண்ணியவை என்பதால் டெக்ஸ்சரின் அளவைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 40 சென்டிமீட்டர் அலகு 4096 பிக்சல் நீளம் முழுவதையும் நிரப்பினால் ஒரு மில்லிமீட்டருக்குப் பத்து பிக்சல் கிடைக்கும். 2048 என்றால் ஐந்துதான். இடவலப் பக்கங்களுக்கு ஒரே யூவியைப் பயன்படுத்தாதீர்கள், ஏனெனில் இரு முகங்களிலும் ஒரே வரி ஓடுவது உடனே கண்ணில் படும்.

ரெண்டர் செய்யும்போது வெறும் கறுப்புப் பின்னணியில் வைத்தால் பிரதிபலிக்க எதுவுமின்றி அலகு செத்துக் கிடக்கும். ஜன்னலுள்ள அறை ஒன்றின் ஹெச்டிஆர்ஐ படத்தை (சுற்றுப்புற ஒளியின் அளவுகளைப் பதிந்த படத்தை) சூழலாகக் கொடுத்து, அலகுக்கு இணையாக ஒரு நீண்ட செவ்வக விளக்கை வையுங்கள். கேமராவை அசைக்காமல் விளக்கை மட்டும் மெல்ல நகர்த்திப் பாருங்கள்: ஒளி கடந்து போகும்போது வரிகள் எழுந்து, பளிச்சிட்டு, மறைய வேண்டும். விளக்கு எங்கே இருந்தாலும் அவை ஒரே அழுத்தத்தில் தெரிந்தால், நிற மேப்பில் வரிகளை அதிகமாக ஏற்றிவிட்டீர்கள். அங்கே பாதியாகக் குறைத்து மறுபடி பாருங்கள்.