தோற்றவருக்கும் அடுத்த சுற்று உண்டு: சேகரிப்பு அட்டைப் போட்டிகள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 12 வயதாகும் என் மகன் போக்கிமான் அட்டைகளைச் சேர்த்து, நண்பர்களுடன் ஆடியும் வருகிறான். இப்போது உள்ளூர்ப் போட்டி ஒன்றில் பெயர் கொடுக்க விரும்புகிறான். முதல் ஆட்டத்திலேயே தோற்று மனம் உடைந்து திரும்பிவிடுவானோ என்று தயங்குகிறேன். அனுப்பலாமா?

பதில்: தாராளமாக அனுப்புங்கள். முதல் ஆட்டத்தில் அவன் தோற்கக்கூடும். ஆனால் அதற்காக அவனை யாரும் வெளியேற்றமாட்டார்கள். இத்தகைய போட்டிகள் பெரும்பாலும் ‘சுவிஸ் முறை’யில் நடக்கின்றன. 1895-இல் சூரிக் நகரில் நடந்த சதுரங்கப் போட்டியில் கையாளப்பட்டதால் அந்தப் பெயர் பெற்ற இம்முறையில், ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ ஒரே அளவு புள்ளிகள் பெற்றவர்கள் எதிரெதிரே அமர்த்தப்படுகிறார்கள். 16 பேர் கூடினால், தோற்றவரை நீக்கும் முறையில் முதல் சுற்று முடிந்ததுமே 8 பேருக்கு வேலை இல்லாமல் போய்விடும். சுவிஸ் முறையிலோ 16 பேரும் 4 சுற்றுகள் ஆடுகிறார்கள். முதலில் தோற்றவர் அடுத்து, தம்மைப் போலவே தோற்ற ஒருவரைச் சந்திக்கிறார். சுற்றுகள் செல்லச் செல்ல ஒவ்வொருவரும் தமக்கு நிகரானவரை நெருங்குவதால், புதிதாக வந்தவரும் மாலைக்குள் ஒரு வெற்றியையாவது சுவைக்க நல்ல வாய்ப்பு உண்டு. உள்ளூர்ப் போட்டிகளைச் சுற்றி ஓர் ஆட்டக்காரர் கூட்டம் உருவாகி நிலைப்பதற்கு, பரிசுகளைவிட இந்த ஏற்பாடே பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தோற்றவர் அங்கேயே இருக்கிறார், அடுத்தவரோடு பேசுகிறார், தம் டெக்கில் (ஆட்டத்துக்கென அமைத்துக் கொண்டுவரும் அட்டைக் கட்டில்) எந்த அட்டை உதவவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார்.

புறப்படுவதற்கு முன் அவனுடைய டெக்கை ஒருமுறை எண்ணச் சொல்லுங்கள். போக்கிமானில் சரியாக 60 அட்டைகள் இருக்க வேண்டும்; அடிப்படை ஆற்றல் அட்டைகளைத் தவிர, ஒரே பெயருள்ள அட்டை 4-க்கு மேல் இருக்கக் கூடாது. அதிகாரப்பூர்வப் போட்டிகளில் பிறந்த ஆண்டை வைத்துப் பிரிவுகள் வகுக்கப்படுவதால், அவன் எந்தப் பிரிவில் வருவான் என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நானும் என் தோழியும் ஒரே அளவு புள்ளிகள்தான் பெற்றோம். இருந்தும் அவள் மூன்றாம் இடம், நான் ஆறாம் இடம். இது எப்படி?

பதில்: வெற்றிக்கு 3, சமநிலைக்கு 1 என்ற கணக்கில் சில சுற்றுகள் மட்டுமே ஆடும்போது பலர் ஒரே புள்ளியில் நிற்பது இயல்பு. அப்போது ‘மேஜிக்’ என்ற அட்டை ஆட்டம் போன்றவற்றில் முதலில் பார்க்கப்படுவது, உங்களுடன் மோதியவர்கள் அந்தப் போட்டியில் தங்கள் ஆட்டங்களில் எத்தனை சதவீதம் வென்றார்கள் என்பதாகும். வலுவானவர்களுடன் மோதி அதே புள்ளிகளைப் பெற்றவரே முன்னே வைக்கப்படுகிறார். மிகவும் பலவீனமான ஓர் எதிராளி வாய்த்த ஒரே காரணத்தால் நீங்கள் அளவுக்கு மீறிப் பின்தங்கிவிடாதபடி, மேஜிக்கில் எந்த எதிராளியின் விகிதமும் சுமார் 33 சதவீதத்துக்குக் கீழே கணக்கிடப்படுவதில்லை. இந்த விதியின் அழகான விளைவு ஒன்றைக் கவனியுங்கள்: உங்களை முதல் சுற்றில் வென்றவர் தொடர்ந்து வெல்ல வெல்ல உங்கள் நிலையும் உயர்கிறது. ஆகவே, தோற்கடித்தவருடைய மேசையருகே நின்று அவருக்காக ஆவலோடு காத்திருப்பவர்களை எல்லாப் போட்டிகளிலும் காணலாம்.

கேள்வி: விலை உயர்ந்த அட்டைகள் வைத்திருப்பவர்தானே வெல்வார்? பிரிக்காத பாக்கெட்டை வாங்குவதும் ஒருவகைச் சூதாட்டம் போலத் தோன்றுகிறதே?

பதில்: உங்கள் ஐயத்தில் நியாயம் இருக்கிறது. 1993-இல் கணிதவியலாளர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்த ‘மேஜிக்: த கேதரிங்’ வெளிவந்த நாள் முதல், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பாக்கெட்டும் இவ்வகை ஆட்டத்தின் ஒரு கூறாக இருந்துவருகிறது. குறிப்பிட்ட ஓர் அட்டைக்காகப் பாக்கெட்டுகளைப் பிரித்துக்கொண்டே போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். தேவையான அட்டையைத் தனியாக வாங்குவதோ மாற்றிக்கொள்வதோ மேல். நீங்கள் ‘டிராஃப்ட்’ முறைப் போட்டியில் தொடங்கலாம். அதில் ஒவ்வொருவரும் வழக்கமாக 3 புதிய பாக்கெட்டுகளுடன் அமர்ந்து, ஒன்றைப் பிரித்து ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவரிடம் நகர்த்துவார்கள். இப்படிச் சேர்ந்தவற்றைக் கொண்டு குறைந்தது 40 அட்டைகள் கொண்ட டெக்கை அங்கேயே அமைக்க வேண்டும். வீட்டில் எவ்வளவு பெரிய சேகரிப்பு இருந்தாலும் அந்த மேசையில் அது உதவாது. எதைத் தேர்ந்தெடுப்பது, பக்கத்தில் இருப்பவர் எதை விட்டுவைக்கிறார் என்று கணிப்பது ஆகியவையே அங்கு முக்கியம்.

கேள்வி: கடைசிச் சுற்றில் சமநிலை என்று எழுதிக் கொடுத்தால் இருவருமே, முன்னணியில் இருப்பவர்கள் மட்டும் ஆடும் அடுத்த கட்டத்துக்குப் போய்விடலாம் என்று என் எதிராளி சொன்னார். நான் மறுத்துவிட்டேன். அவர் செய்தது முறைகேடா?

பதில்: மேஜிக் விதிகளின்படி இருவரும் மனமொப்பிச் சமநிலையை ஏற்பது குற்றமில்லை. ஆனால் அதற்காகப் பணமோ பரிசில் பங்கோ தருவதாகச் சொன்னாலும், பகடை உருட்டி வெற்றியைத் தீர்மானித்தாலும் தகுதிநீக்கம் வரை போகும். அவர் கேட்டதில் தவறில்லை. நீங்கள் மறுத்ததிலும் தவறில்லை. சிறிய உள்ளூர்ப் போட்டியில், ஆட வந்தவர்கள் ஆடிவிட்டுப் போவதையே நான் விரும்புவேன்.

கேள்வி: ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் எதிராளி என் டெக்கைக் கலைக்கிறார். என்மீது சந்தேகமா?

பதில்: இல்லை, அது எல்லோருக்கும் பொதுவான நடைமுறை. அட்டைகளைப் போட்டு வைக்கும் உறைகளான ஸ்லீவ்களைப் பற்றிய கண்டிப்பும் அப்படியே. ஒரு ஸ்லீவ் மட்டும் மடங்கியிருந்தால் அந்த அட்டை எங்கே இருக்கிறது என்று வெளியே தெரிந்துவிடும் என்பதால், தேய்ந்தவற்றை மாற்றிவிட்டுப் போங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் மூத்த ஆட்டக்காரர் ஒருவர், சிறுவன் ஒருவனுடைய அரிய அட்டையை வாங்கிக்கொண்டு மதிப்பில்லாத சில அட்டைகளைக் கொடுத்தார். இருவரும் சம்மதித்ததால் தலையிட வேண்டாம் என்கிறார்கள் மற்றவர்கள்.

பதில்: தலையிடுங்கள். தன் அட்டையின் மதிப்பை அறியாத குழந்தையின் சம்மதத்தைச் சம்மதமாகக் கொள்ள முடியாது. அந்த மூத்தவரிடம் தனியாகப் பேசி, மாற்றத்தைத் திருப்பிவிடக் கேளுங்கள். இணங்காவிட்டால் அமைப்பாளரிடம் தெரிவியுங்கள். அமைப்பாளர் செய்யக்கூடிய எளிய ஏற்பாடும் ஒன்று உண்டு: சிறுவர்கள் அட்டை மாற்றும்போது பெற்றோரோ, அந்த மாற்றத்தில் தொடர்பில்லாத பெரியவர் ஒருவரோ உடனிருந்து, இரு பக்க அட்டைகளின் நடப்பு மதிப்பையும் அவர்களுக்குக் காட்டிய பிறகே மாற்றம் நடக்க வேண்டும் என்று நுழைவிடத்தில் எழுதி வைக்கலாம். அனுபவம் மிக்கவர்கள், தங்களிடம் மிஞ்சிய சாதாரண அட்டைகளைப் புதியவர்கள் எடுத்துக்கொள்ள ஒரு பெட்டியில் வைத்துவிட்டுப் போகும் வழக்கம் பல குழுக்களில் இருக்கிறது. உங்கள் குழுவில் அது இல்லையென்றால் அடுத்த போட்டியன்று நீங்களே அந்தப் பெட்டியை வையுங்கள்.