குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு வரும் நாற்பது பேருக்கு என்ன சாப்பாடு வைக்கலாம்?

முதல் குழந்தைக்கு ஞானஸ்நானம், ஞாயிறு காலை ஆராதனையோடு சேர்த்து நடக்கிறது, முடிந்ததும் வீட்டிலேயே நாற்பது பேருக்கு மதியச் சாப்பாடு, சைவம் சாப்பிடுகிறவர்களும் வயதானவர்களும் குழந்தைகளும் கலந்து வருவார்கள், என்ன வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் குடும்பத்தில் இந்த மாதிரி விசேஷம் வந்தால் அடுப்படிப் பொறுப்பு பெரும்பாலும் என் தலையில்தான் விழும். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது ருசியைக்கூட இல்லை. அந்தச் சாப்பாடு ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்குமா என்பதைத்தான்.

ஏனென்றால் அன்றைக்கு வீட்டில் சமைக்கத் தெரிந்த அத்தனை பேரும் ஆலயத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். குழந்தையின் அம்மா, அப்பா, இரண்டு பக்கத்துப் பாட்டிகள், ஞானப்பெற்றோர், எல்லோரும். அடுப்பைப் பார்க்க ஆள் கிடையாது. ஆராதனை எப்போது முடியும் என்பதும் நம் கையில் இல்லை. அதே நாளில் இன்னும் இரண்டு குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் இருக்கலாம், பிரசங்கம் நீளலாம், போட்டோ எடுக்க வரிசை நிற்கலாம். எல்லாம் முடிந்து கிளம்பும் நேரத்தில் குழந்தை பசித்து அழும். பாலூட்டிவிட்டுத்தான் நகர முடியும். பதினொன்றரை என்று சொன்னது பன்னிரண்டரையைத் தாண்டுவது சாதாரணம். இந்த ஒரு மணி நேரத் தாமதத்தில் காயாமல், கூழாகாமல், கெடாமல் இருக்கும் பண்டம் எது என்று யோசித்தாலே உங்கள் பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும்.

பொரித்தவை முதலில் போய்விடும். இறக்கிய கால் மணி நேரத்தில் மொறுமொறுப்பு போய், மூடி வைத்தால் தன் ஆவியிலேயே ஊறி ரப்பர் மாதிரி ஆகிவிடும். நூடுல்ஸும் பாஸ்தாவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நிதானமாக வேகவைத்த இறைச்சிக் குழம்பு அப்படி இல்லை. முதல் நாள் செய்து மறுநாள் சூடாக்கினால் மசாலா உள்ளே இறங்கி இன்னும் நன்றாகவே இருக்கும். பயறு, கொண்டைக்கடலை போட்ட குழம்புகளும் அப்படித்தான். அவனில் சுட்டெடுத்த காய்கறிகளைச் சூடாகவும் சாப்பிடலாம், ஆறியும் சாப்பிடலாம். சாலட் வைப்பதானால் முட்டைக்கோஸ், கேரட் மாதிரி கெட்டியான காய்களில் செய்யுங்கள். இலைக் கீரைகளில் எலுமிச்சைச்சாறு பட்டால் கொஞ்ச நேரத்தில் துவண்டுவிடும்.

நான் வைப்பதாக இருந்தால் இப்படித்தான் வைப்பேன்: ஒரு இறைச்சிக் குழம்பு, ஒரு பயறு அல்லது காய்கறிக் குழம்பு, சோறு, ரொட்டி, ஒரு சாலட், பழம், கேக். அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு வகை வைத்தால் மேஜை பார்க்க நிறைவாக இருக்கும், ஆனால் ஒவ்வொன்றையும் சூடாக வைத்திருக்கப் பாத்திரமும் ஆளும் வேண்டும். விருந்தாளிகளும் எல்லாவற்றிலும் ஒரு கரண்டி எடுத்துப் பாதியைத் தட்டில் விட்டுவிடுவார்கள்.

முதல் நாளே சமைப்பது என்று சொல்லிவிட்டதால் கெட்டுப்போகும் பிரச்சினையைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். நாற்பது பேருக்கான குழம்பை ஒரே பெரிய அண்டாவில் செய்து, இரவு மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போவார்கள். காலையில் திறந்தால் மேலே ஆறியிருக்கும், கரண்டியை நடுவில் விட்டால் அடியில் இன்னும் வெதுவெதுப்பு இருக்கும். அந்த வெதுவெதுப்பில்தான் கிருமி இரவெல்லாம் பெருகுகிறது. இறைச்சிக் குழம்பில் இப்படி வளர்வது குளோஸ்டிரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் என்ற பாக்டீரியா. விருந்துச் சாப்பாட்டால் கூட்டமாக வயிற்றுப்போக்கு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். செய்ய வேண்டியது சுலபம். இறக்கியதும் குழம்பை நாலைந்து அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பிரித்து ஊற்றுங்கள். அவற்றைக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி அவ்வப்போது கிளறுங்கள். சூடு தணிந்ததும் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் அறை வெப்பத்தில் வைக்கக் கூடாது, குளிரில் வைப்பதானால் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, சூடாக வைப்பதானால் 60 டிகிரிக்கு மேலே, மறுபடி சூடாக்கும்போது நடுப்பகுதி வரை 70 டிகிரியைத் தொட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. குழம்பு நன்றாகத் தளதளவென்று கொதித்துவிட்டால் 70 டிகிரி தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

சோற்றை மட்டும் முதல் நாள் வடிக்காதீர்கள். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநிலையிலும் சாவதில்லை. சோறு ஆறிக் கிடக்கும்போது அவை முளைத்து நச்சை உண்டாக்கும், வாந்தியை வரவழைக்கும் அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அன்று காலையில் வடித்து, சூடு காக்கும் வசதியுள்ள எலெக்ட்ரிக் குக்கரிலேயே விட்டுவிடுங்கள். குக்கர் போதவில்லையா, ஐஸ் போட்டு எடுத்துப் போகும் பெட்டி இருக்கிறதே, அது சூட்டையும் அதே மாதிரி காக்கும். கொதிக்கும் தண்ணீரை உள்ளே ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிட்டு, சூடான பாத்திரத்தை மூடியோடு துண்டில் சுற்றி உள்ளே இறக்குங்கள். பெட்டி நிறைந்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்குக் கவலை இல்லை. ஆலயத்துக்குக் கிளம்பும்போது மூடினால் திரும்பி வந்து திறக்கும்வரை தொடாதீர்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

சைவ விஷயத்துக்கு வருவோம். எட்டுப் பேர்தானே சைவம் என்று எட்டுப் பேருக்கு அளந்து சமைப்பார்கள். வரிசையில் முதலில் வருகிறவர்கள் இறைச்சியோடு இதையும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டு போவார்கள், பின்னால் வரும் அத்தைக்கு வெறும் சோறும் சாலடும்தான் மிஞ்சும். அதனால் சைவக் குழம்பை மொத்தக் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்குக் கணக்குப் போடுங்கள். ருசியிலும் அது இரண்டாந்தரமாக இருக்க வேண்டாம். கரண்டி தனித்தனியாக இருக்கட்டும், இரண்டு பாத்திரமும் பக்கத்துப் பக்கத்தில் வேண்டாம்.

அலர்ஜியை அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள். வேர்க்கடலை, முந்திரி பாதாம் வகைகள், பால், முட்டை, கோதுமை, சோயா, மீன், இறால் நண்டு, எள் ஆகியவைதான் பெரும்பாலும் தொந்தரவு தருபவை. ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னாலும் என்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு துண்டு அட்டையில் எழுதி வைத்தால், சாப்பாட்டு நேரத்தில் ஆள் ஆளுக்கு வந்து கேட்கும் தொல்லையும் குறையும்.

தேதி எந்தக் காலத்தில் விழுகிறது என்றும் பாருங்கள். கத்தோலிக்கர்களுக்குத் தவக்காலத்தின் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி கிடையாது, மீன் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்றாலும் நாற்பது நாளும் இறைச்சியைத் தொடாத பெரியவர்கள் இருப்பார்கள். ஆர்த்தடாக்ஸ் சபையினர் வருவதாக இருந்தால் அந்தக் காலத்தில் பால், முட்டையும் சேர்த்து விலக்குவார்கள். நற்கருணை வாங்குகிற கத்தோலிக்கர்கள் அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே தண்ணீர், மருந்து தவிர எதுவும் சாப்பிடுவதில்லை. காலையில் ஒன்றும் சாப்பிடாமலே வருகிறவர்களும் உண்டு. அதனால் வீட்டுக்கு வந்தவுடன் கையில் கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும். சூப், ஜூஸ், ஒரு தட்டு பிஸ்கட் போதும். அதைக் கொடுத்துவிட்டால் குழம்பை நிதானமாகச் சூடாக்க உங்களுக்கு அரை மணி நேரம் கிடைக்கும்.

மது வைப்பதா என்பது சபையையும் குடும்பத்தையும் பொறுத்தது. எனக்கு அது தேவையில்லை என்றே தோன்றும், குழந்தைகள் சுற்றி ஓடுகிற மதிய விருந்தில் நல்ல ஜூஸ் போதும்.

குழந்தைகளைப் பற்றி இரண்டு விஷயம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது, பொட்டுலிசம் என்ற அபூர்வமான ஆனால் ஆபத்தான நோய் வரலாம். விருந்தில் இது ஏன் முக்கியம் என்றால், அன்றைய நாயகனின் வாயில் இனிப்பைத் தொட்டு வைக்க ஆசைப்படும் கை ஒன்று கண்டிப்பாக இருக்கும். கூட்டத்தில் நீங்கள் பார்க்கப்போவதில்லை. ஆகவே இனிப்பில் தேனே சேர்க்காமல் விட்டுவிடுவது நிம்மதி. இன்னொன்று, ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு முழுசாகத் திராட்சையும் முழுப் பருப்புக் கொட்டைகளும் தொண்டையில் அடைக்கும். திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டி வையுங்கள். குழந்தைகளுக்கென்று காரமில்லாத ஒன்று வேண்டும். வேகவைத்த உருளைக்கிழங்கு போதும், பல் போன தாத்தாவுக்கும் அதுவே ஆகும்.

சரி, அளவு. பெரியவர் ஒருவருக்கு 100 கிராம் அரிசி, பிள்ளைகளுக்கு அதில் பாதி. முப்பது பெரியவர், பத்துப் பிள்ளைகள் என்றால் 3½ கிலோ வரும், ரொட்டியும் இருப்பதால் 3 கிலோவே தாராளம். எலும்பில்லாத இறைச்சி ஆளுக்கு 150 கிராம், எலும்போடு என்றால் 225 முதல் 250 கிராம். கொண்டைக்கடலை மாதிரி உலர்ந்த பயறு ஆளுக்கு 50 கிராம், அதாவது முப்பது பேருக்கு 1½ கிலோ. இவ்வளவு சாப்பாட்டுக்கு மேல் யாரும் பெரிய துண்டு கேக் கேட்கப்போவதில்லை, 3 கிலோ போதும். வெயில் நாளாக இருந்தால் கிரீம் கேக் வேண்டாம், உருகி வழியும். உலர்பழக் கேக்கோ வெண்ணெய்க் கேக்கோ பிரச்சினை செய்யாது.

ஒருவேளை இதைப் படிக்கிற வேறு யாராவது வளர்ந்தவருக்கு முழுக்கு ஞானஸ்நானம் ஏற்பாடு செய்கிறவராக இருக்கலாம். அங்கே கணக்கு கொஞ்சம் மாறும். தண்ணீரிலிருந்து ஏறி வருகிறவர் தலை ஈரத்தோடு நடுங்கிக்கொண்டிருப்பார், அவருக்கு உடனே ஒரு கோப்பை சூடான டீயோ சூப்போ வேண்டும். ஃபிளாஸ்க்கில் அதை எடுத்துப் போக ஒருவரை நியமித்துவிடுங்கள்.

அப்புறம், அம்மாவின் தட்டு. குழந்தை கைக்குக் கை மாறிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் பரிமாறி, ஒரு மூலையில் உட்கார வைத்துவிட வேண்டும். எல்லோரும் சாப்பிட்டபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அதற்குள் குழந்தை மறுபடி பாலுக்கு அழும். ஒரு கையால் எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி அவர் தட்டில் இறைச்சியை எலும்பு நீக்கிப் போடுங்கள். இதை நீங்களே செய்ய முடியாது, ஞானத்தாயிடம் சொல்லி வையுங்கள், மறக்கமாட்டார்.

பாதிரியாருக்கோ போதகருக்கோ அன்றைக்கு இன்னொரு ஆராதனை இருக்கலாம், வந்து ஜெபித்துவிட்டு உடனே கிளம்புவார். மூடியுள்ள டப்பாக்கள் நாலைந்து முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால் அவருக்கு முதலில் கட்டிக் கொடுத்துவிடலாம். மிச்சத்தை மற்றவர்களுக்குப் பங்கு போடும்போது மட்டும் மேஜையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்ததைக் கட்டிக் கொடுக்காதீர்கள், அடுப்படியில் சூடாக வைத்திருந்ததிலிருந்து கொடுங்கள்.