அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இரண்டு நாள்: முழங்கால் வலியுள்ள அம்மாவுடன்

வணக்கம். எட்டு, ஐந்து வயதில் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அம்மா, நீங்கள் இருவர், கார் கிடையாது, சனி ஞாயிறுதான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தாராளமாகப் போய் வரலாம்.

சனி காலை கேட்வே ஆர்ச். 630 அடி உயர வளைவு. உச்சிக்குப் போகும் டிராமுக்கு முன்பே டிக்கெட் எடுத்துவிடுங்கள், ஆனால் அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம். டிராம் பெட்டி, ஐந்து பேர் முட்டி இடிக்க உட்காரும் சின்னக் கூண்டு. குனிந்துதான் நுழைய வேண்டும், வழியில் படிகளும் நிறைய, மேலே உட்கார இடமும் இல்லை. பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம்! சரிந்த சுவரில் வயிற்றைச் சாய்த்து, குட்டி ஜன்னல் வழியே மிசிசிப்பி ஆற்றில் சரக்குப் படகுகள் நகர்வதைப் பார்க்கலாம். அதுவரை உங்களில் ஒருவர் அம்மாவுடன் கீழே அருங்காட்சியகத்தில் இருங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

மதியம் சிட்டி மியூசியம். பெயர்தான் மியூசியம், பிள்ளைகள் ஏறி, தவழ்ந்து, சறுக்கி விளையாடும் இடம். பழைய செருப்புக் கம்பெனிக் கட்டடத்தில் பத்து மாடி உயரச் சறுக்கு இருக்கிறது. பிள்ளைகளுக்கு முழு பேண்ட் போட்டுவிடுங்கள், தவழ்ந்து தவழ்ந்தே முட்டி தேய்ந்துவிடும்.

ஞாயிறு முழுக்க ஃபாரஸ்ட் பார்க். மிருகக்காட்சிசாலை, கலை அருங்காட்சியகம் இரண்டுக்குமே நுழைவு இலவசம். மெட்ரோலிங்க் ரயிலில் பூங்கா ஓரம் வரை போகலாம். அங்கிருந்து மிருகக்காட்சிசாலை நல்ல தூரம், அம்மாவை நடக்க வைக்காமல் டாக்சி பிடியுங்கள். உள்ளே சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும்.