சரிவில் கவிழும் டிராக்டர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாந்தோப்பில் குறுக்காக உழுதபோது 45 ஹெச்.பி. டிராக்டர் பள்ளத்துப் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆளுக்கு அடியில்லை. ஜேசிபி வைத்து மட்கார்டில் சங்கிலி போட்டு இழுத்தோம். மட்கார்டு பிய்ந்தது. மறுபடி கட்டி நிமிர்த்தினால், வண்டி தானே உருண்டு இரண்டு கன்றுகளைச் சாய்த்துவிட்டது. எங்கே தப்பு? – வாசகர், அஞ்செட்டி

தப்பு இரண்டு. கட்டிய இடம் ஒன்று. கியரைப் பார்க்காதது இன்னொன்று.

இந்த அளவு டிராக்டர் ஏறக்குறைய 2 டன் இருக்கும். மட்கார்டு, சைலன்சர், ஸ்டியரிங் ராடு எதுவும் அந்த எடைக்கு ஆனவை அல்ல. ஆகாயத்தைப் பார்த்து நிற்கும் பின்சக்கரத்தின் ஆக்சில் ஹவுசிங்கில்தான் (அச்சை மூடியிருக்கும் கனமான இரும்புக் கூட்டில்) சங்கிலி சுற்ற வேண்டும். பிரேக் பைப் நசுங்காதபடி பார்த்துச் சுற்றுங்கள். இழுக்கும் வண்டி மேட்டுப் பக்கம், கெட்டித் தரையில் நிற்கட்டும்.

அதற்கு முன் செய்ய வேண்டியவை இவை. ஸ்டாப்பரை (டீசலை நிறுத்தும் குமிழை) இழுத்து இன்ஜினை நிறுத்துங்கள். படுத்த நிலையில் ஓடினால் ஆயில் பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும், பேரிங் போய்விடும். பேட்டரியில் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றுங்கள். டீசல் சொட்டும் இடத்தில் பீடி கூடாது. கலப்பையைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். லோவில் முதல் கியர் போட்டு, கைபிரேக்கையும் இழுத்து வையுங்கள். உங்கள் வண்டி உருண்டது நியூட்ரலில் கிடந்ததால்தான். தரையில் கிடக்கும் சக்கரங்களுக்கு மேட்டுப் பக்கம் பெரிய கட்டை கொடுங்கள். இல்லாவிட்டால் வண்டி புரளாமல் அப்படியே சறுக்கிக்கொண்டு வரும்.

இன்னொரு கயிறு எதிர்ப்பக்கம் வேண்டும். நல்ல புளியமரத்தின் அடியில் இரண்டு சுற்று சுற்றி, ஒருவர் ஓரமாக நின்று கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். பாதி தூரம் கடந்ததும் வண்டி தன் எடையிலேயே விழும். பிடிகயிறு இல்லையென்றால் அந்த அடியில் ரிம் வளையும். ஜெர்க் கொடுத்து இழுக்காதீர்கள். சங்கிலி நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. கவிழ்ந்தவுடன் கீழே ஆள் சிக்கியிருந்தால் கதையே வேறு: 108க்கு அழைத்துவிட்டு, வண்டி மேலும் அசையாதபடி கட்டை கொடுங்கள். அவசரப்பட்டு சங்கிலி மாட்டக் கூடாது.

இன்சூரன்ஸ் இருந்தால், தூக்கும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து, தகவலும் சொல்லிவிடுங்கள்.

நிமிர்த்திய கையோடு செல்ஃப் அடித்தோம். ‘டக்’ என்று ஒரு சத்தம், அப்புறம் சுற்றவில்லை. – வாசகர், பாலக்கோடு

ஆயில் சிலிண்டருக்குள் இறங்கி பிஸ்டன் தலையில் தேங்கியிருக்கும். காற்று அமுங்கும், ஆயில் அமுங்காது. இனி ஒரு தடவைகூட செல்ஃப் அடிக்காதீர்கள். கனெக்டிங் ராடு வளைந்துவிடும், ஏற்கெனவே வளைந்திருக்கவும் கூடும்.

சமதளத்தில் சில மணி நேரம் நிற்கவிட்டு, சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சும் நாசில்கள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஸ்டாப்பரை இழுத்தபடி, ஓட்டைக்கு நேரே முகம் வைக்காமல், மெதுவாகச் சுற்றவிட்டால் ஆயில் பீய்ச்சி வெளியேறும். ஆயில் பாத் ஏர் கிளீனர் (காற்றின் தூசியை ஆயிலில் பிடிக்கும் வகை) என்றால் அதில் இருந்த ஆயிலும் இன்டேக் பைப்பில் கிடக்கும். கழற்றித் துடைக்காமல் ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு எகிறும், ஸ்டாப்பருக்கும் அடங்காது. இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் புதிதாகப் போடுங்கள். கியர் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், பேட்டரி ஆகியவற்றின் அளவைப் பாருங்கள். டீசல் ஃபில்டரில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் லைட் அணைகிறதா என்று கவனியுங்கள். தட்டும் சத்தம் கேட்டால் உடனே நிறுத்தி, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

எவ்வளவு சரிவு வரை குறுக்காக உழலாம்? – வாசகர், பென்னாகரம்

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு மீட்டர் நேர்க்கம்பின் ஒரு முனையை மேட்டில் ஊன்றி, கொத்தனாரின் ரசமட்டம் வைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள். மறுமுனைக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு என்று டேப்பில் பாருங்கள்: 17.5 செ.மீ. என்றால் 10 டிகிரி, 27 என்றால் 15, 36 என்றால் 20. பத்துக்குள் என்றால் நிதானமாக உழலாம். பதினைந்தைத் தாண்டினால் குறுக்கே போகவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

ஆனால் வண்டியைக் கவிழ்ப்பது பெரும்பாலும் சரிவு மட்டுமல்ல, கல்லும் குழியும். சக்கர இடைவெளி 130 செ.மீ. என்று வையுங்கள். மேட்டுச் சக்கரம் 15 செ.மீ. கல்லில் ஏறி, பள்ளத்துச் சக்கரம் அதே ஆழக் குழியில் இறங்கினால் அங்கேயே 13 டிகிரி கூடிவிடும். 15 டிகிரி நிலத்தில் அது 28! நம் பக்கத்துச் சரளைக்காட்டில் இது அன்றாடம் நடப்பதுதான். பழைய கன்றுக்குழிகளை மூடிவிட்டு உழுங்கள். ரிம்மைத் திருப்பிப் போட்டுப் பின்சக்கரங்களை அகலப்படுத்துங்கள் (டயரின் பட்டை திசை மாறாமலிருக்க இடம் வலம் மாற்ற வேண்டும்). டயரில் முக்கால் பங்கு தண்ணீர் விடுங்கள். திரும்புவதானால் மேட்டுப் பக்கம் திரும்பாமல், வேகத்தைக் குறைத்துப் பள்ளத்தை நோக்கி அகலமாகத் திரும்புங்கள். வேகம் இரண்டு மடங்கானால் வெளியே தள்ளும் விசை நாலு மடங்கு. கிணற்று ஓரத்திலும் ஓடைக் கரையிலும் பள்ளம் எவ்வளவு ஆழமோ, குறைந்தது அவ்வளவு தள்ளியே ஓட்டுங்கள்.

சேற்றில் சிக்கிய டிரெய்லரை இழுத்தபோது முன்சக்கரம் தூக்கிக்கொண்டது. – வாசகர், போச்சம்பள்ளி

டாப் லிங்க் (கலப்பையை மேலே பிடிக்கும் தண்டு) கட்டும் இடத்தில் சங்கிலி போட்டிருப்பீர்கள். ஆக்சிலுக்கு மேலே கட்டினால், இழுவை முழுக்க வண்டியைப் பின்னோக்கிப் புரட்டும். ஒரு நொடிக்குள் கைமீறிவிடும். கிளட்சை மிதிக்க நேரமிருக்காது. கீழே உள்ள இழுவைக் கொக்கியில் மட்டும் கட்டுங்கள். டிராக்டரே சிக்கினால் சக்கரத்துக்கு முன்னால் கட்டை கட்டி ஏற்றாதீர்கள்: சக்கரம் சுற்றாதபோது உடல்தான் சுற்றும். ரிவர்சில் எடுங்கள், அல்லது வேறு வண்டியை அழையுங்கள்.

மேலே போடும் டாப், கவிழ்ந்தால் காப்பாற்றுமா? – வாசகர், அரூர்

காப்பாற்றாது. அது வெயிலுக்கு. ஸ்பீக்கர், லைட் எல்லாம் ஏற்றினால் எடை உயரே போய் இன்னும் சீக்கிரம் கவிழும். கம்பெனி சோதித்துத் தரும் இரும்புப் பாதுகாப்புச் சட்டமும் (ஃபிரேம்) சீட் பெல்ட்டும் சேர்ந்தால்தான் உயிருக்கு உத்தரவாதம். ஸ்வீடன் 1959லேயே புது டிராக்டர்களுக்கு அந்த இரும்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கியது. சட்டம் இல்லாத வண்டியில் பெல்ட் போடாதீர்கள். ஒருமுறை வளைந்த சட்டத்தை வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள்.