சும்மா சுற்றும் ஹெலிகாப்டர்

அன்புள்ள ஐயா,

ஹாங்காங்கில் சில ஆண்டுகள் வேலை பார்த்ததாக முன்பு ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். 2022 சாபா புயலில் இரண்டாக உடைந்து மூழ்கிய ஃபூ ஜிங் 001 கப்பலிலிருந்து அந்த ஊர் அரசு ஹெலிகாப்டர் ஆட்களைத் தூக்கும் வீடியோவை நேற்றுதான் பார்த்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. உடனே ‘கவர்ன்மென்ட் ஃப்ளையிங் சர்வீஸ்’ என்ற அந்த அரசுத் துறையைப் பற்றித் தேடிப் படித்தேன், ஏமாந்துபோனேன். இப்படிப்பட்ட ஹீரோக்களை வைத்துக்கொண்டு நில அளவைக்குப் போட்டோ எடுக்கிறார்கள், போலீசை ஏற்றிக்கொண்டு திரிகிறார்கள், விருந்தாளிகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்கள், புயலுக்குப் பக்கத்தில் போய் வானிலைக் கருவி போடுகிறார்கள். வரிப்பணம் வீண் இல்லையா? மீட்புக்கு மட்டும் ஒரு தனிப் படை போதாதா? செருப்புப் போட்டுக்கொண்டு மலையேறி மாட்டிக்கொள்கிறவர்களைக்கூட இலவசமாகத் தூக்குகிறார்களாம், அவர்களுக்கெல்லாம் பில் போட வேண்டாமா? நம் நாட்டில் ஏன் இப்படி ஒரு துறை இல்லை? கல்லூரி விவாத மேடைக்கு இதைத்தான் தலைப்பாக எடுத்திருக்கிறேன். நான்கு வரி எழுதினால் போதும்.

கா., கோவில்பட்டி

அன்புள்ள கா.,

நான்கு வரியில் முடியாது. உங்கள் கடிதத்தில் ‘வீண்’ என்ற சொல் என்னைக் குத்திவிட்டது. அதே சொல்லை அதே துறையைப் பார்த்து நானும் சொல்லியிருக்கிறேன், இருபது வருஷத்துக்கு முன்னால். அதற்கு வருகிறேன்.

நம் நாட்டில் ஏன் இல்லை என்பதை விடுங்கள். விமானப்படையும் கடற்படையும் கடலோரக் காவல்படையும் அந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிக்கொண்டவர்களுக்கு மேலேயிருந்து சாப்பாட்டுப் பொட்டலம் போட்டது யார் என்று வீட்டில் கேளுங்கள். உங்கள் மாவட்டம்தானே.

பில் விஷயம். கால் பிசகி, தண்ணீர் தீர்ந்து, மலையில் உட்கார்ந்திருக்கிறவன் கையில் போன் இருக்கிறது. கூப்பிட்டால் எவ்வளவு ஆகும் என்று அவன் யோசிக்க ஆரம்பித்தால் என்ன நடக்கும்? இன்னும் கொஞ்சம் நடந்து பார்ப்போம் என்பான், இருட்டும்வரை நடப்பான், இருட்டிய பிறகு கூப்பிடுவான். பகலில் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும் வேலை நடுராத்திரியில் நான்கு பேர் உயிரைப் பணயம் வைக்கும் வேலையாகிவிடும். முட்டாளுக்கு உதவி இலவசமாக இருப்பது, அவனைத் தூக்கப் போகிறவர்களுக்கும் நல்லது. வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் பிறருக்கு அபராதம் போட்டுப் பார்க்கும் ஆசை உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வருகிறதோ!

இப்போது உங்கள் ஹீரோ. அந்த வீடியோவை இன்னொரு முறை பாருங்கள். ஹாங்காங்கிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடல். காற்று மணிக்கு 144 கிலோமீட்டர், அலை 10 மீட்டர் உயரம் என்று அன்றைக்கே அறிவித்தார்கள். கப்பலில் இருந்தவர்கள் 30 பேர், அன்று ஹெலிகாப்டரால் தூக்க முடிந்தது 3 பேரை. கயிற்றில் தொங்கியவரைப் பார்த்துச் சிலிர்த்தீர்கள், சரி. ஹெலிகாப்டரின் கதவோரத்தில், கயிற்றை ஏற்றி இறக்கும் வின்ச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்க்கும் ஆள் ஒருவர் இருப்பாரே, அவரை யோசித்தீர்களா?

பைலட்டுக்குத் தனக்கு நேர்கீழே நடப்பது தெரியாது. அவர் முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், தொங்குகிறவரோ வயிற்றுக்கு அடியில் இருக்கிறார். கதவோரத்து ஆள்தான் அவருக்குக் கண். ‘முன்னால் மூன்று, இரண்டு, ஒன்று, நில். வலது பக்கம் இரண்டு. நில்.’ ஓயாமல் இப்படிச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் குரலை மட்டும் நம்பி, கண்ணால் பார்க்காத இடத்துக்கு மேலே பல டன் எடையுள்ள இயந்திரத்தை அசையாமல் நிறுத்துகிறார் இன்னொருவர். இந்த நம்பிக்கை புயலன்றைக்குத் திடீரென்று வந்துவிடாது. வெயிலடிக்கும் செவ்வாய்க்கிழமை மத்தியானத்தில், ஒன்றுமே நடக்காத கடலுக்கு மேலே, ஒரு மிதவையை நூறு தடவை தூக்கி நூறு தடவை போட்டதில் வந்தது அது. உங்கள் ஊர்த் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் அக்கா யாரிடமாவது, ஒரு மாதம் லீவு போட்டு வந்த பிறகு முதல்நாள் கை எப்படி ஓடியது என்று கேட்டுப் பாருங்கள்.

மீட்புக்கு மட்டும் தனிப் படை என்கிறீர்கள். அப்படியானால் மற்ற நாளெல்லாம் அவர்கள் என்ன செய்வார்கள், கேரம் ஆடுவார்களா?

அந்தத் துறை 1993 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. அதற்கு முன் இதே வேலைகளைச் செய்தது ராயல் ஹாங்காங் துணை விமானப்படை. வேறு உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஓய்வுநாளில் வந்து பறந்தவர்கள் அதில் நிறையப் பேர். அந்த வழக்கத்தின் மிச்சம் இன்றும் உண்டு. வார இறுதிகளில் டாக்டர்களும் நர்சுகளும் தன்னார்வலர்களாக வந்து ஹெலிகாப்டரில் ஏறுகிறார்கள். சின்ன ஊர், சின்னத் துறை. அதனால் ஒரே கூட்டம் எல்லாவற்றையும் செய்கிறது. ஒரே கூட்டம் செய்வதால்தான் ஒரு வேலை இன்னொரு வேலைக்குக் கண்ணாக இருக்கிறது என்கிறேன் நான்.

நில அளவைப் போட்டோவைக் கேலி செய்தீர்கள். அந்த ஊர் மலைகள் உயரத்தில் சாதாரணம்தான். ஆனால் பள்ளத்தாக்கு ஒவ்வொன்றும் ஒரு பொறி, மேகம் சட்டென்று இறங்கிவிடும். அங்கே மெக்லஹோஸ் என்ற மலையேற்றப் பாதை 100 கிலோமீட்டர் நீளம். 500 மீட்டருக்கு ஒரு கம்பம், ஒவ்வொன்றிலும் ஓர் எண். மாட்டிக்கொண்டவன் 999க்குப் போன் செய்து கம்பத்தின் எண்ணைச் சொன்னால் போதும். எண்ணைச் சொல்ல அவன் இருக்கிறான், அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எந்தச் சரிவில் காற்று எப்படித் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? சிங் மிங் பண்டிகைக்குக் கல்லறைக்குப் போகிறவர்கள் கொளுத்தும் ஊதுவத்தியால் மலை பற்றிக்கொள்ளும்போது, அதே சரிவில் வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டியவனுக்கும், அதற்கு மேலே போட்டோ எடுக்கப் பறந்தவனுக்கும்தான் தெரியும்.

வானிலைக் கருவியும் அப்படித்தான். சேலஞ்சர் 605 விமானம் இரண்டு வைத்திருக்கிறார்கள். 2016லிருந்து புயல் சுற்றுவட்டாரத்துக்குப் போய்க் கருவிகளைக் கீழே போட்டு, காற்று, அழுத்தம், ஈரப்பதம் எல்லாம் அளந்து வானிலை ஆய்வகத்துக்குக் கொடுக்கிறார்கள். தென்சீனக் கடலில் தொலைவில் ஒரு கப்பல் முழுகினால் முதலில் பறப்பதும் இந்த வகை விமானம்தான். தேடிக் கண்டுபிடித்து, மிதவைப் படகைப் போட்டு, பின்னால் வரும் ஹெலிகாப்டருக்கு வழி காட்ட வேண்டும். புயலின் விளிம்பு எப்படி உலுக்கும் என்பதை அளவெடுக்கப் போன நாளில் கற்றுக்கொண்டவன், ஆளைத் தேடப் போகும் நாளில் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

விருந்தாளிகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவதில் எனக்கும் மரியாதை கிடையாது. அந்த ஒரு பாயிண்ட் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

என் கதைக்கு வருகிறேன். 2003ல் ஹாங்காங்கின் சியுங் சாவ் தீவில் குடியிருந்தேன். நகரத்தில் வாடகை கட்டுப்படியாகவில்லை. தீவில் கார் கிடையாது, ஆம்புலன்ஸ்கூடச் சந்துக்குள் நுழையும் அளவில் பொம்மை மாதிரி இருக்கும். அங்கே ஓர் ஆஸ்பத்திரி உண்டு. அதற்கு மீறிய நோயாளி என்றால் ஹெலிகாப்டர்தான். வீட்டுக்கார அம்மாவை எல்லோரையும் போல நானும் ‘போபோ’ என்றுதான் கூப்பிடுவேன், பாட்டி என்று அர்த்தம். மத்தியானத்தில் வாசலில் உட்கார்ந்து ரேடியோவில் கான்டனீஸ் நாடகப் பாட்டுக் கேட்பாள். ஹெலிகாப்டர் சத்தம் வந்தால் ரேடியோவை இன்னும் கூட்டி வைத்துவிட்டு, வானத்தைப் பார்த்துத் திட்டுவாள். ‘நோயாளியும் இல்லை, ஒன்றும் இல்லை, சும்மா சுற்றுகிறார்கள்’ என்று நானும் ஒத்து ஊதுவேன். வரிப்பணம் வீண் என்று அவளுக்குக் கான்டனீஸில் சொல்லத் தெரியாததால் கையால் ரூபாய் எண்ணுவதுபோலக் காட்டுவேன். அவள் சிரிப்பாள்.

ஆகஸ்ட் 26 இரவு, ஒரு நோயாளியை அழைத்துப்போக எங்கள் தீவுக்கு ஒரு ஹெலிகாப்டர் கிளம்பியது. விமான நிலையத்திலிருந்து கிளம்பி லன்டாவ் தீவின் மலைகளுக்கு நடுவே துங் சுங் கணவாய் வழியாக வரும்போது மலையில் மோதிவிட்டது. உள்ளே இருந்தவர்கள் இரண்டு பேர். இருவருமே போய்விட்டார்கள்.

எனக்கு அன்றிரவு ஒன்றும் தெரியாது. வராத சத்தத்தைக் கேட்டு யார் விழிக்கப்போகிறார்கள்? மறுநாள் காலைப் படகில் எல்லோர் கையிலும் பேப்பர், எல்லாவற்றிலும் மலைச்சரிவின் படம். எனக்குச் சீனம் படிக்கத் தெரியாது. பக்கத்து சீட்டுக்காரரிடம் என்ன என்று ஜாடையில் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் செய்தியில் இரண்டு எழுத்துகள் மேல் விரலை வைத்தார். அந்த இரண்டும் மட்டும் எனக்குத் தெரியும். தினமும் படகுத்துறைப் பலகையில் பார்ப்பவை. எங்கள் தீவின் பெயர்.

நோயாளியை அழைக்கக் கிளம்புவது அவர்களுக்கு அன்றாட வேலை, கா. அதை யாரும் வீடியோ எடுத்துப் போடுவதில்லை. உங்கள் விவாத மேடையில் முடிந்தால் எதிரணியில் பேசுங்கள். முடியாவிட்டால் ‘ஹீரோ’ என்ற சொல்லையாவது எடுத்துவிடுங்கள்.

அதே வாரக் கடைசியில், வெயில் நேரத்தில், மறுபடி அந்தச் சத்தம் வந்தது. போபோ எழுந்து உள்ளே போய் ரேடியோவை நிறுத்தினாள். வெளியே வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வழக்கம்போல வானத்தைப் பார்த்துத் திட்டினாள். இந்தத் தடவை நான் ஒத்து ஊதவில்லை.

அன்புடன்